இரண்டு சொட்டு மருந்துக்குப் பின்னால் ஒரு சேவைச் சங்கம்



போலியோ சொட்டு மருந்து முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரு மேசை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேசைக்குப் பின்னால் செவிலியரோ அங்கன்வாடி ஊழியரோ உட்கார்ந்திருப்பார். பக்கத்திலேயே பல இடங்களில் ரோட்டரி சங்கத்தின் சக்கரச் சின்னம் போட்ட பேனர் கட்டியிருக்கும். மருந்து கொடுப்பது அரசாங்கம். இவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அதற்குப் பதில் சொல்ல நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும். கதை முடியும் இடத்தில் நம் குடியிருப்பின் கேட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

நட்பில் தொடங்கியது

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு கூடிப் பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் செய்தவர். ஹாரிஸ் சிற்றூரில் வளர்ந்தவர். ஊரில் இருந்த பழக்கவழக்கம் பெருநகரத்தில் இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒருவர் அலுவலகத்தில் என்று சுழற்சி முறையில் கூடினார்கள். அந்தச் சுழற்சியிலிருந்துதான் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது.

ஆரம்பத்தில் சேவை நோக்கம் எதுவும் கிடையாது. நட்பு, அதோடு கொஞ்சம் வியாபாரம், அவ்வளவுதான். 1907-ல் சிகாகோ நகர மன்றக் கட்டடத்துக்கு அருகே பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று மற்ற அமைப்புகளோடு சேர்ந்து முயற்சி எடுத்தார்கள். அதுவே அவர்களுடைய முதல் பொதுப்பணி. நம் சங்கக் கூட்டங்களில் தண்ணீர், சாக்கடை, குப்பை என்று பேசிப் பேசி அலுத்தவர்களுக்கு இது ஓர் ஆறுதல். உலகம் முழுவதும் பரவிய ஒரு சேவை இயக்கம் தொடங்கியதும் கழிப்பறையில்தான்!

இந்தியாவில் முதல் ரோட்டரி சங்கம் கல்கத்தாவில் அமைந்து, 1920 ஜனவரியில் அங்கீகாரம் பெற்றது. சென்னையில் 1929-ல் வந்தது. 1962-63-ல் கல்கத்தாவைச் சேர்ந்த நிதிஷ் லாஹரி உலகத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். இந்த வரலாற்றில் குறையும் உண்டு. 1989 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்க விதி இடம் தரவில்லை. பின்னாளில் சொட்டு மருந்துப் பெட்டியைச் சுமந்து வீடு வீடாகப் போன ஊழியர்களில் பெரும்பாலோர் பெண்களே என்பதையும் மறக்க வேண்டாம்.

பிலிப்பைன்ஸ் முதல் வேலூர் வரை

இளம்பிள்ளை வாதம் என்ற சொல் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சலில் படுத்த குழந்தை எழுந்தபோது ஒரு கால் துவண்டு போயிருக்கும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும்.

1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பணியில் ரோட்டரி இறங்கியது. அந்த அனுபவத்தை வைத்து 1985-ல் 'போலியோ பிளஸ்' என்ற உலகத் திட்டத்தை அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988-க்குள் 24 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்தது. அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பும் போலியோவை ஒழிப்பதென்று தீர்மானம் போட்டது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் இந்நோயால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

பணம் வந்துவிட்டால் போதுமா? இங்கேதான் நம் மாநிலம் கதைக்குள் வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேலை நாடுகளில் போதுமானதாக இருந்த மூன்று தவணைச் சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்று எடுத்துக் காட்டினார். கூடுதல் தவணை வேண்டும், அதையும் ஒரு பகுதியிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும் என்றார். எல்லோருடைய குடலிலும் ஒரே நேரத்தில் மருந்து இருந்தால், நோய்க்கிருமி தங்கிப் பெருக இடம் கிடைக்காது. 'பல்ஸ் போலியோ' என்ற முறையின் அடிப்படை இதுதான். தவணைப்படி எல்லாம் போட்டாகிவிட்டதே, முகாமில் மறுபடியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே.

திரும்பத் திரும்ப ஞாயிறுகள்

1994 அக்டோபர் 2-ஆம் தேதி டெல்லியில் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1995 டிசம்பர் 9 அன்று அது நாடு முழுவதற்குமான இயக்கமாயிற்று. ஒருமுறை செய்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடும் வேலை அல்ல இது. ஆண்டுக்குப் பல சுற்றுகள், அப்படிப் பதினைந்து வருடங்கள் போயின. ஒரு தேசியச் சுற்றில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சுமார் 17 கோடி குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

ரோட்டரி உறுப்பினர்கள் செய்தது பெரும்பாலும் பெயர் வராத வேலை. பேனர், வாகனம், முகாம் ஏற்பாடு, வீட்டுக்கு வீடு அழைப்பு. உத்தரப்பிரதேசத்தில் இந்த மருந்து கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற வதந்தி பரவி, பலர் கதவைத் திறக்க மறுத்தார்கள். அங்கே உலமாக்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, அவர்கள் வாயாலேயே பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வைத்தார்கள். மருத்துவர் சொல்லிக் கேட்காதவர்கள் தமக்குத் தெரிந்தவர் சொல்லிக் கேட்டார்கள்.

வீட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிய குறிகள் நினைவிருக்கிறதா? எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாகிவிட்டால் 'பி'. குழந்தை ஊரில் இல்லை, கதவு பூட்டியிருந்தது, வேண்டாம் என்றார்கள் என்றால் 'எக்ஸ்'. மறுபடியும் போக வேண்டிய வீடு என்று பொருள். இந்தியாவில் போலியோ ஒழிந்தது அந்த 'எக்ஸ்' வீடுகளுக்கு மறுபடியும் மறுபடியும் போனதால்தான்.

2009-ல் நாட்டில் 741 பேருக்குப் போலியோ. 2010-ல் 42. 2011-ல் ஒரே ஒரு குழந்தை. அந்த ஆண்டு ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பாதிக்கப்பட்ட அந்தச் சிறுமிதான் இந்தியாவின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று சான்று கிடைத்தது.

நம் கேட்டில் என்ன நடக்கிறது?

அப்படியானால் இன்னும் எதற்கு முகாம்? ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022-ல் லண்டன் கழிவுநீரில் போலியோ கிருமி தென்பட்டது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் தடுப்பு மருந்து போடாத ஒருவர் முடங்கிப்போனார். வசதியான ஊர் என்று அது பார்ப்பதில்லை.

இப்போது பயப்பட வேண்டியது வதந்தியை அல்ல, மறதியை. நோயைக் கண்ணால் பார்க்காத தலைமுறைக்கு முகாம் நாள் வெறும் ஞாயிற்றுக்கிழமை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன் அனுமதி இல்லை என்று காவலாளி சுகாதார ஊழியரைத் திருப்பி அனுப்பிவிட்டால், ஒரு வீடு அல்ல, மொத்தக் கட்டடமுமே 'எக்ஸ்' ஆகிவிடுகிறது.

ஆகவே அரசு முகாம் தேதி அறிவித்ததும் நாம் செய்யக்கூடியவை:

1. அடையாள அட்டையோடு வரும் சுகாதார ஊழியரை உள்ளே விடும்படி காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

2. ஐந்து வயதுக்கு உட்பட்ட பேரன் பேத்திகள் விருந்தாளியாக வந்திருந்தாலும் முகாமுக்கு அழைத்துப் போங்கள். இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவார்கள்.

3. உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தைக்குப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். அன்று காலை ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொன்னால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை.

4. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால், அங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எளிதில் விட்டுப்போவது அவர்கள்தான்.

அக்டோபர் 24 உலகப் போலியோ தினம். அதையொட்டிப் பல ஊர்களில் ரோட்டரி சங்கங்கள் பேரணியும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் நடத்துவது வழக்கம். நம் பகுதியில் நடந்தால் கலந்துகொள்ளுங்கள். பேரணிக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. முகாம் நாளன்று நம் கேட் திறந்திருக்கட்டும்.