ஊசித்துளையின் சரித்திரம்

பட்டறை மேசையில் நான்கு கண்ணாடிக் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் என் காரிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் மூன்று குழாய்களில் மூடுபனிபோல் திரவம் இறங்கிற்று; நான்காவதில் மட்டும் சரியாக மூடப்படாத குழாயிலிருந்து வடிவதுபோல் சொட்டிக்கொண்டிருந்தது. காலை வேளைகளில் வண்டி உதறியதற்கு அந்தச் சொட்டுதான் காரணம் என்றார் மெக்கானிக். ஒரு மயிரிழைத் துளையின் ஓரத்தில் படிந்த பிசினுக்கு ஒரு டன் இரும்பை நடுங்கவைக்கும் வல்லமை உண்டென்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

எரிபொருள் திரவமாக எரிவதில்லை, ஆவியாகித்தான் எரிகிறது. துளி எவ்வளவு சிறிதோ, காற்றுடன் அதன் உறவு அவ்வளவு நெருக்கம். இந்த எளிய உண்மை ருடால்ஃப் டீசலை வருடக்கணக்கில் அலைக்கழித்தது. காற்றை அழுத்தியே அதைக் கொதிக்கவைத்து, அதில் எரிபொருளைச் செலுத்தினால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்ற கருத்துக்கு 1892இல் அவர் காப்புரிமை கோரினார். நிலக்கரித் தூளைக்கூட எரிக்கலாம் என்பது அவரது கனவு. 1893இல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. அழுத்தம் அவருக்கு வசப்பட்டது, துளை வசப்படவில்லை. இறுதியில் எரிபொருளை அழுத்தப்பட்ட காற்றினால் ஊதி உள்ளே தள்ளும் வழியைக் கைக்கொண்டார். 1897இல் அவரது எஞ்சின் உலகை வியக்கவைத்தபோது, அதன் பக்கத்தில் ஒரு கனத்த காற்றழுத்தியும் உட்கார்ந்திருந்தது. கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் அந்தச் சுமை பாதகமில்லை. காருக்கு அது எட்டாக்கனி. 1913 செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்துகொண்டிருந்த கப்பலிலிருந்து டீசல் மறைந்துபோனார். தன் எஞ்சின் சாலையில் பெருவழக்காக ஓடுவதை அவர் காணவில்லை.

காற்றின் துணையின்றி, பம்ப்பின் அழுத்தத்தாலேயே எரிபொருளைத் தெளிக்கும் முயற்சிகள் பல இடங்களில் நடந்தன. அதைப் பெருமளவில் உற்பத்தி செய்யத்தக்க பண்டமாக்கியது ராபர்ட் பாஷின் நிறுவனம். 1922இல் தொடங்கிய வேலை 1927இல் லாரிகளுக்கான பம்ப்பாக வெளிவந்தது. 1936இல் மெர்சிடஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. இங்கே வென்றது ஒரு தத்துவமன்று. உலோகத்தை மைக்ரான் கணக்கில் இழைத்துப் பொருத்தும் கைத்திறன்.

பெட்ரோலுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது போர் என்பது கசப்பான செய்தி. 1940இல் பிரிட்டன் வானில் நடந்த சண்டையில், ஜெர்மன் மெசர்ஷ்மிட் 109 விமானங்களின் எஞ்சினில் நேரடித் தெளிப்பு இருந்தது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் இருந்ததோ கார்புரேட்டர். திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் எரிபொருள் இடம்பெயர்ந்து எஞ்சின் திணறும். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941இல் ஒரு சிறு துளைத் தகட்டைச் செருகி அந்தக் குறையைப் பெருமளவு தணித்தார். அங்கும் துளைதான்!

போருக்குப் பின் இந்த நுட்பம் கார்களுக்கு இறங்கி வந்தது. முதலில் குட்பிராட் போன்ற சிறு கார்கள். பிறகு 1954இல் மெர்சிடஸ் 300 எஸ்எல். அந்த அழகிய காரில் ஒரு வேடிக்கையான குறை இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்த பின்னும், எஞ்சின் சுழன்று அடங்கும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது.

வேகத்தின் மீதுள்ள மோகம் இன்ஜெக்டரைப் பணக்காரர் வீட்டில் வைத்தது. கலிஃபோர்னியாவின் புகைமூட்டமே அதை எல்லார் வீட்டுக்கும் கொண்டுவந்தது என்பது என் எண்ணம். பெண்டிக்ஸின் மின்னணுத் தெளிப்பு 1958இல் சில கிரைஸ்லர் கார்களில் வந்து தோற்றது. அந்தக் காப்புரிமைகளின் வழியே வளர்ந்த பாஷ் அமைப்பு, 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் ஏறி அமெரிக்காவின் புகைச் சட்டங்களுக்கு ஈடுகொடுத்தது. மின்காந்தச் சுருள் ஊசியைத் தூக்க, சில மில்லி விநாடிகள் துளை திறந்து மூடும். அந்தக் கால அளவுதான் எரிபொருளின் அளவு. 1970களின் இறுதியில் ஆக்ஸிஜன் உணரியும் சேர்ந்தபோது, பெட்ரோலின் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதத்தைக் காப்பது துளையின் கடமையாயிற்று. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் மோட்டார் சைக்கிளுக்கும் அதே கடமை.

இத்தனை நுண்மைக்கும் கொடுக்கும் விலை, அழுக்கைத் தாங்கமாட்டாமை. எஞ்சினை அணைத்த பின் அதன் சூடு இன்ஜெக்டரின் நுனிக்கு ஏறுகிறது. அங்கே தங்கிய ஒரு துளியின் இலேசான பகுதி ஆவியாகிப் பிசின் மிஞ்சுகிறது. குறுந்தூரப் பயணங்கள் பல செய்பவருக்கு இது விரைவில் சேரும். 1980களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இதனால் எஞ்சின் உதற, பெட்ரோலில் கழுவுபொருள் கலக்கத் தொடங்கினார்கள். 1995இல் அங்கு அது சட்டமாயிற்று.

என் மெக்கானிக் செய்ததும் அந்தக் கழுவலின் தீவிர வடிவமே. மீயொலித் தொட்டியில் ஊறவைத்து, எதிர்த்திசையில் திரவம் செலுத்தி, நுழைவாயிலில் இருக்கும் குட்டி வடிகட்டியையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினார். இருந்தாலும் இதை ஆண்டுதோறும் செய்யும் சடங்காக்க வேண்டியதில்லை. எரிபொருள் வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும், டீசல் வண்டியானால் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதும்தான் முக்கியம். சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கும் புதிய பெட்ரோல் எஞ்சின்களில், உறிஞ்சு வால்வில் படியும் கரியைப் பெட்ரோலில் ஊற்றும் மருந்து தொடவே தொடாது. எரிபொருள் அந்த வழியே போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இன்றைய காமன் ரயில் டீசல் எஞ்சின்களில் அழுத்தம் 2000 பாரையும் தாண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவர் உண்டு. அந்த மெல்லிய தாரை தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்; அப்போது வலிகூடப் பெரிதாகத் தெரியாது. அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைத் தேடவேண்டும். தோலில் பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.