பச்சைக்குச் சாட்சி வேண்டும்

பணிக்காலம் முழுவதும் ரயில்வே சிக்னல் பராமரிப்பில் இருந்தவன் நான். ரிலே ரூமிலும் லைன் ஓரத்திலும் படித்த பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சிவப்பு எரியக் காரணம் எதுவும் வேண்டாம், பச்சை எரியத்தான் சாட்சி வேண்டும். ஓய்வுக்குப் பிறகு மாடி அறையில் எச்.ஓ. அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, மாடல் ரயில் பாதை போட்டு அதற்கு பிளாக்கும் சிக்னலும் அமைத்து வருகிறேன். அந்தப் பாடம் மாடல் பாதைக்கு வரும்போது தலைகீழாகிவிடுகிறது. ஏன் என்று புரிய, அது பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரே ரயில் என்று காப்பதுதான் பிளாக். அதற்கு முன்பு கடிகாரத்தை நம்பினார்கள்: முன் ரயில் புறப்பட்டு இத்தனை நிமிடம் ஆகிவிட்டதா, அடுத்ததை அனுப்பு. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே, ஏற்றத்தில் நின்றுபோன சுற்றுலா ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். பின்பாதிப் பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள், குழந்தைகள் பலர். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பிளாக் முறையையும் பயணிகள் ரயிலுக்குத் தொடர் பிரேக்கையும் கட்டாயமாக்கியது.

ரயில் இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் அதற்கு முன்பே எதிர்கொண்டிருந்தார். வில்லியம் ராபின்சன் தானியங்கி சிக்னலுக்கு ஒரு மாதிரி அமைப்பைச் செய்து, 1870-இல் நியூயார்க்கின் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் கண்காட்சியில் வைத்தார். அது ஒரு ரயில்வே நிறுவனத்தின் அதிகாரிகளை ஈர்க்க, பென்சில்வேனியா மாநிலத்தின் கின்சுவாவில் அதே முறை அசல் பாதைக்குப் போனது. மாடல் ரயில்காரர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

அந்த முதல் முறையில், பிளாக்கின் நுழைவில் சக்கரம் ஒரு லிவரைத் தட்டும், சிக்னல் ஆபத்து காட்டும். வெளியேறும் இடத்தில் இன்னொரு லிவர் தட்டுப்பட்டால் பாதை திறக்கும். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ராபின்சன் தன் படைப்பையே குறுக்கு விசாரணை செய்தார். ரயில் நடுவில் அறுந்து முன்பாதி மட்டும் வெளியேறினால்? பக்கவாட்டுப் பாதையிலிருந்து ஒரு பெட்டி உள்ளே வந்தால்? கம்பி அறுந்தால், பேட்டரி தீர்ந்தால்? எல்லாவற்றிலும் சிக்னல் ‘பாதை காலி’ என்று பொய் சொல்லும்.

அதனால் அவர் ஏற்பாட்டையே திருப்பிப் போட்டார். பிளாக்கின் இரு முனைகளிலும் தண்டவாள இணைப்பில் காப்பு வைத்து, ஒரு முனையில் பேட்டரியும் மறுமுனையில் ரிலேயும் (மின்சாரம் வரும்வரை தூக்கி நிற்கும் மின்காந்த சுவிட்ச்) இணைத்தார். மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய் ரிலே வழியாக மற்றதில் திரும்பும். ரிலே தூக்கி நிற்கும்வரைதான் பாதை காலி. ஒரே ஒரு பெட்டி உள்ளே வந்தாலும் அதன் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் போய்விட, ரிலே விழும், சிவப்பு வரும். கம்பி அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் தண்டவாளம் முழுதாக உடைந்தாலும் அதே சிவப்புதான். 1872 ஆகஸ்ட் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. உலகம் முழுவதும் டிராக் சர்க்யூட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

அதன் அருமையை இங்கிலாந்து நெருப்பில் உணர்ந்தது. 1910 டிசம்பர் 24 விடியுமுன், ஹாஸ் ஜங்ஷனில் இரண்டு எஞ்சின்கள் சிக்னலுக்காகக் காத்து நின்றன. வேலை நெருக்கடியில் சிக்னல் கேபின்காரர் அவற்றை மறந்து, பின்னால் வந்த எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் கொடுத்தார். அது தங்களுக்கென்று நினைத்து எஞ்சின்கள் மெதுவாகக் கிளம்பின. எக்ஸ்பிரஸ் விரட்டிப் பிடித்து மோதியது. பெட்டிகளின் எரிவாயு விளக்குகளால் தீ பரவ, 12 பேர் மாண்டார்கள். அந்த இடத்தில் டிராக் சர்க்யூட் இருந்திருந்தால், மனிதர் மறந்ததைத் தண்டவாளம் நினைவில் வைத்திருக்கும். விசாரணை அறிக்கையும் டிராக் சர்க்யூட்டைத்தான் பரிந்துரைத்தது.

மழைக்காலம் எங்களுக்குச் சோதனைக் காலம். ஜல்லி நனைந்து மின்சாரம் கசிய, ரயிலே இல்லாமல் டிராக் ரிலே விழும், சிவப்பு நிற்கும். நள்ளிரவில் டார்ச்சும் மீட்டருமாக ஓடுவோம். தாமதத்துக்குத் திட்டு விழும். அப்போதும் அது சேஃப் சைடு ஃபெயிலியர், அதாவது ஆபத்தில்லாத பக்கத்துப் பழுது, என்ற நிம்மதி இருக்கும். துருப்பிடித்த தண்டவாளத்தில் சக்கரம் சரியாகத் தொடாமல், ரயில் நிற்கும்போதே ரிலே தூக்கி நிற்பதுதான் எங்களை உறங்கவிடாத பயம்.

மாடல் பாதையில் அந்தப் பயம்தான் இயல்பு நிலை. இங்கே தண்டவாளங்கள் மோட்டாருக்கே மின்சாரம் கொண்டுபோகின்றன. அச்சு இரண்டையும் இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் சக்கரங்களை அச்சிலிருந்து காப்பிட்டுப் பிரித்திருப்பார்கள். ஆகவே மாடல்காரர்கள் எதிர்த்திசையில் போனார்கள்: பிளாக்கில் மின்சாரம் செலவானால் ரயில் இருக்கிறது, செலவாகாவிட்டால் காலி. ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழில் லின் வெஸ்ட்காட் 1958-இல் வெளியிட்ட ‘ட்வின்-டி’ சர்க்யூட் இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு இதைச் செய்தது; நின்றுகொண்டிருக்கும் எஞ்சினைக்கூடக் கண்டுபிடித்தது. 1985-இல் அதே இதழில் புரூஸ் சப் தொடங்கிய தொடர், பிளாக்குகளை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைக்கக் கற்றுக்கொடுத்தது.

தர்க்கத்தை ரசித்து வளர்த்த இன்னொரு இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். 1946-இல் அங்கே தொடங்கிய மாடல் ரயில் கிளப்பின் மாணவர்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை மேஜைக்கு அடியில் அடுக்கி, ரயில் நகர நகர ஓட்டுநரின் கன்ட்ரோல் அடுத்த பிளாக்கோடு தானாக இணையும்படி செய்தார்கள். அவர்களில் சிலர்தான் 1950-களின் இறுதியில் டி.எக்ஸ்-0 கம்ப்யூட்டரின் முன் இரவெல்லாம் உட்கார்ந்து, கணினி நிரல் எழுதுவதை ஒரு கலையாக்கினார்கள்.

இத்தனை திறமைக்கும் நடுவில், ராபின்சன் துறந்த பலவீனம் மேஜை மேல் திரும்ப வந்துவிட்டது. கம்பி விட்டுப்போனாலும், தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தாலும், பிளாஸ்டிக் சக்கர வேகன் ஒன்று கழன்று நின்றாலும் டிடெக்டர் ‘காலி’ என்கிறது. விளையாட்டுத்தானே என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இப்படிச் செய்கிறேன். எப்போதும் மின்னழுத்தம் இருக்கும் டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) பாதையில், ஒவ்வொரு பிளாக்கின் கடைசியிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கும். அதன் சிறு மின்சாரம் மட்டும் தெரிந்தால் காலி. அதைவிடக் கூடினால் ரயில். அதுவும் இல்லாவிட்டால் கம்பி போய்விட்டது, சிவப்பு. அசல் ரயிலின் கடைசிப் பெட்டியில் ‘எல்.வி.’ (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகை மாட்டுவது போல, ஒவ்வொரு ரயிலின் கடைசி வேகனிலும் உலோகச் சக்கரமும் குறைந்த மதிப்பு ரெசிஸ்டரும் உண்டு. அறுந்து நின்ற பின்பாதியும் கண்ணில் படும். மூன்றாவது காவல் தர்க்கத்தில். அடுத்த பிளாக்கில் தோன்றாமல் ஒரு ரயில் மறைந்தால், பிளாக் விடுபடாது. அசல் பாதையில் அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுன்டருக்குச் செய்வது போல, நேரில் பார்த்த பிறகுதான் ரீசெட். இவை மூன்றும் சரியென்றால்தான் மஞ்சளா பச்சையா என்று அடுத்த சிக்னலைக் கேட்பது.

மாடல் பாதை போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் பச்சை எரிந்தால், சிக்னல் வேலை இன்னும் முடியவில்லை.