கூலியிலிருந்து முதல்: மெர்போக் வட்டாரத் தமிழரின் சேமிப்பு வரலாறு

ஜெராய் மலையடிவாரத்தில், தன் பெயர் கொண்ட ஆற்றை ஒட்டி அமைந்திருக்கும் மெர்போக், தமிழர் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். பழந்தமிழ் நூல்களும் சோழர் கல்வெட்டுகளும் கடாரம் எனக் குறிப்பது இப்பகுதியையே என்பர் அறிஞர் பலர். புக்கிட் பத்து பகாட் சண்டியும் பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருட்காட்சி சாலையும் அப்பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. அந்நாளில் கடல் கடந்து வந்த தமிழ் வணிகர் தனித்தனியே இயங்கினாரல்லர். குழுவாகக் கூடியே பொருள் ஈட்டினர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இதனை உணர்த்தும்.

எட்டு நூற்றாண்டுகள் கழித்து இதே மண்ணுக்கு மீண்டும் தமிழர் வந்தனர். முன்னவர் முதலோடு வந்தனர். பின்னவரோ வெறுங்கையோடு, பலர் கடனோடும், வந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களுள் சிலர் இன்று மருத்துவராகியுள்ளனர். மெர்போக்கிற்கு அண்மையிலுள்ள செமிலிங்கிலேயே மருத்துவரை உருவாக்கும் பல்கலைக்கழகம் ஒன்று நிற்கிறது. கூலி பெற்ற குடும்பம் முதல் சேர்க்கக் கற்ற வரலாறு, கைநிறைய ஊதியம் பெறும் இன்றைய தலைமுறைக்கும் பாடமாகும்.

தொடக்க காலத்தில் கங்காணி வழி வந்த தொழிலாளி, கப்பற்செலவுக்கும் வழிச்செலவுக்கும் பெற்ற முன்பணத்தைக் கூலியில் கழித்தாக வேண்டியிருந்தது. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டிப் பயணச் செலவை ஏற்றது. அதன்பின் தொழிலாளி கடனின்றிக் கரையேற வழி பிறந்தது. ஆயினும் தோட்டத்தில் வேறு கடன்கள் அவனுக்காகக் காத்திருந்தன. மளிகைக் கடையில் பற்று வளர்ந்தது. திருமணத்திற்கும் ஈமச் சடங்கிற்கும் வட்டிக்கு வாங்க நேர்ந்தது. மாலையில் கள்ளுக்கடை எஞ்சியதையும் விழுங்கியது.

சேமிப்பு வேண்டுமாயின் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதை இவ்வட்டாரத் தொழிலாளரே உணர்ந்தனர். உலகப் போர் முடிந்தபின், பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர் அணிவகுத்துச் சென்று கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் காவல்துறையோடு மோதல்கள் நிகழ்ந்தன; உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வெழுச்சியை ஒழுக்க இயக்கமாகவும் அரசியல் இயக்கமாகவும் மட்டும் காண்போர் உளர். கூலி வீடுவந்து சேர வேண்டும் என்ற பொருளியல் அறிவும் அதனுள் இருந்தது. வரவு சிறிதாயினும் செலவு அதனினும் விரியாதவரை கேடில்லை என்று வள்ளுவர் வகுத்த நெறியை அத்தொழிலாளர் தெருவில் இறங்கி நடைமுறைப்படுத்தினர் எனலாம்.

வீடுவந்து சேர்ந்த காசு எங்குத் தங்கிற்று? முதலாவது, பொன்னில். பெண்ணின் கழுத்திலிருந்த இரண்டு பவுன், குடும்பத்தின் ஆபத்துக்கால நிதியாக விளங்கியது. தேவை நேர்ந்தால் நகரத்து அடகுக் கடைக்குச் சென்று திரும்பியது. இரண்டாவது, மாட்டில். பால்வெட்டு முடிந்து புல்லறுத்து வந்தவனுக்குப் பசு பாலும் தந்தது, கன்றும் ஈன்றது. மூன்றாவது, கூட்டில். பத்துப் பெண்கள் மாதம் பத்து வெள்ளி போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருத்தி நூறு வெள்ளி பெறுவாள். நம்பிக்கையே இதற்கு ஆவணம். அந்நம்பிக்கையைப் பயன்படுத்திப் பணத்தைச் சுருட்டியோரும் இருந்தமையின், கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

இவை மூன்றும் குடும்பத்தைக் காத்தன. ஆனால் முதுமையைக் காக்க இவை போதவில்லை. அக்குறையை நீக்க வந்தது 1951-இல் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதி. தொடக்கத்தில் தொழிலாளி ஊதியத்தில் 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். கண்ணிற் படாமலே பிடிக்கப்பட்ட அச்சிறுதொகை, ஆண்டுதோறும் ஈவுத்தொகை சேர்ந்து வளர்ந்தது. கையெழுத்திடத் தெரியாத தாய்மாரும் கைரேகை வைத்துத் தம் வாழ்வின் முதற்பெருந்தொகையைப் பெற்றது இந்நிதியால்தான்.

எனினும், தொழிலாளி வாழ்ந்த வீடு அவனுடையதன்று. உழைத்த நிலமும் அவனுடையதன்று. இவ்வுண்மை 1950-களில் கொடுமையாக வெளிப்பட்டது. அந்நிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். பல்லாண்டு உழைத்தோர் வேலையும் குடியிருப்பும் இழந்து தெருவில் நின்றனர். பொருளியலறிஞர் உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடல் விரிவாக ஆராயப்பெற்றது.

அந்நெருக்கடியில் பிறந்ததே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் இதனைத் தோற்றுவித்தார், கே. ஆர். சோமசுந்தரம் துணை நின்றார். பத்து வெள்ளி செலுத்தினால் உறுப்பினராகலாம் என்று சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம், கெடா மாநிலத்திலேயே உள்ள புக்கிட் சீடிம் ஆகும். அதற்குத் தேவைப்பட்ட தொகை ஏறத்தாழ 30 இலட்சம் வெள்ளி. பத்து வெள்ளித் தவணைகள் மூன்று இலட்சம் சேர்ந்தால்தான் அத்தொகை ஆகும்! அவ்வளவு பெரிய மலையை அவ்வளவு சிறிய கூடையால் பெயர்க்க முனைந்தனர். 1979-இல் சம்பந்தன் மறைந்தபோது சங்கத்தில் ஏறத்தாழ 85,000 உறுப்பினர் இருந்தனர். 18 தோட்டங்கள் அதன் உடைமையாயிருந்தன. பால்வெட்டியவனே தோட்டத்தின் பங்காளியானான்.

இவ்வெற்றியின் காரணங்கள் எண்ணத்தக்கவை. சிறுதொகை ஒழுங்காகச் செலுத்தப்பட்டது. வாங்கிய பொருள், உறுப்பினர் தம் கைபோல் அறிந்த இரப்பர்த் தோட்டம். மேலும், 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நெசவாளர் வகுத்த கூட்டுறவு நெறிப்படி, பங்கு எத்துணையாயினும் ஆளுக்கொரு வாக்கு.

இதனோடு ஒப்பிட வேண்டிய மற்றொரு முயற்சி மைக்கா நிறுவனம். மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்னெடுப்பில் 1982-இல் தோன்றிய இந்நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கும் மேலாக முதலிட்டனர். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கிய தோட்ட மக்கள் பலர். சமுதாயம் தொழில் துறையில் தலைநிமிர வேண்டும் என்ற அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 2010-இல் தனியார் நிறுவனம் ஒன்று பங்குகளை வாங்க முன்வந்தபோது, ஒரு வெள்ளிப் பங்கிற்குக் கூறப்பட்ட விலை 80 சென். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காத்திருப்பின் முடிவு அது. அதே பணம் சேமநிதியில் கிடந்திருந்தால் ஈவுத்தொகையால் பன்மடங்கு பெருகியிருக்கும். இங்கு மக்கள் அறிந்தது நிறுவனத்தின் பெயரையும் அதன் நோக்கத்தையுமே; அது எதில் முதலிடுகிறது, யார் கணக்குப் பார்க்கிறார், விற்க நினைத்தால் எவரிடம் விற்பது என்பவற்றை அறிந்தோர் சிலரே. சமுதாயப் பற்று வேறு. முதலீட்டு அறிவு வேறு.

இனி இன்றைய மருத்துவரை நோக்குவோம். 2001-இல் தொடங்கப்பெற்ற ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் செமிலிங் வளாகத்திலும் பிற இடங்களிலும் பயின்று வெளிவரும் இளைஞர், பிறரினும் பிந்தியே ஊதியம் காண்கின்றனர். ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் ஈராண்டுப் பயிற்சிப் பணி. பலர் தோளில் கல்விக் கடனும் உண்டு. அரசு மருத்துவருக்கு ஓய்வூதியம் உறுதி என்ற நிலையும் மாறிற்று. 2016 டிசம்பர் முதல் புதிதாகச் சேர்ந்தோர் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டனர். ஒப்பந்த மருத்துவருக்கு முதுமைத் துணை, பாட்டன் பால்வெட்டிய காலத்தில் தோன்றிய அதே ஊழியர் சேமநிதிதான்!

ஊதியம் பெரிது என்பதாலேயே செல்வம் சேர்ந்துவிடாது. முதல் சம்பளத்திலேயே பெருவிலைக் காரும், இரண்டாம் ஆண்டில் பெரிய வீட்டுக்கடனும் வாங்குபவர், மளிகைக் கடைப் பற்றில் மூழ்கிய பழந்தொழிலாளியினின்று பெரிதும் வேறுபட்டவரல்லர். கணக்கொன்று காண்போம். மாதம் 200 வெள்ளி வீதம், ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டுவட்டியில் 30 ஆண்டு சேமிப்பவர் செலுத்துவது 72,000 வெள்ளி. அது ஏறத்தாழ 166,000 ஆகும். பத்தாண்டு தாமதித்து 20 ஆண்டு மட்டும் சேமிப்பவர் செலுத்துவது 48,000; அவர் காண்பது ஏறத்தாழ 82,000. செலுத்திய தொகையில் வேறுபாடு 24,000. விளைவில் வேறுபாடு 84,000. இழந்தது பணத்தையன்று, காலத்தை. பிந்தி ஊதியம் காணும் மருத்துவர் இக்கணக்கை மற்றவரினும் நன்கு உணர்தல் வேண்டும்.

மெர்போக் வட்டார வரலாறு மூன்று நெறிகளை உணர்த்துகிறது. வீண்வழியை அடைத்த பின்னரே சேமிப்பு தொடங்கும் என்பது தொண்டர் படை தந்த பாடம். சிறுதொகையும் ஒழுங்கும் காலமும் சேர்ந்தால் தோட்டத்தையே வாங்கலாம் என்பது புக்கிட் சீடிம் தந்த பாடம். பணத்தைக் கொடுத்தபின் அதன் கணக்கைக் கேட்கும் உரிமையையும் அறிவையும் விட்டுவிடலாகாது என்பது மைக்கா தந்த பாடம். வகுப்பறையில் கூட்டுவட்டிக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றையும் உடன் கற்பிப்பாராயின், கரும்பலகையில் உள்ள எண்கள் மாணவருக்குத் தம் பாட்டன் பாட்டியரின் வியர்வையாகத் தோன்றும். அவ்வியர்வையின் விலையறிந்த பிள்ளை, நாளை எத்தொழில் புரியினும், ஈட்டிய பொருளைக் காக்கவும் அறிந்திருப்பான்.