வேளாங்கண்ணிச் சாலையும் வீட்டுச் செபமாலையும்

ஆகஸ்ட் கடைசியில் கடலூர்–சிதம்பரம் சாலையில் காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடப்பார்கள். முன்னால் மாதா சுரூபம் வைத்த சிறு தேர், சுற்றிலும் சீரியல் விளக்கு, ஒலிபெருக்கியில் மாதா பாட்டு. ஆகஸ்ட் 29 கொடியேற்றமோ செப்டம்பர் 8 திருவிழாவோ, அதற்குள் வேளாங்கண்ணி போய்ச் சேர வேண்டும். இதே சாலையை ஒட்டிய ஊர்களில், கத்தோலிக்க வீடு சிலவற்றில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை சொல்கிறார்கள். இரண்டும் மாதாவின் துணை தேடும் செபங்களே. ஆனால் பக்தி என்றதும் நம் கண் சாலைக்குத்தான் போகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலில் நேரம். கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறத்தாழ 140 கி.மீ. மணிக்கு 4 கி.மீ. நடந்தால் 35 மணி நேர நடை. செபமாலையில் 53 முறை அருள் நிறைந்த மரியே. நிதானமாகச் சொன்னால் 20 நிமிடம் ஆகும். நாள் தவறாமல் சொல்லும் வீடு ஓராண்டில் 120 மணி நேரத்துக்கு மேல் செபத்தில் இருக்கிறது. கணக்கில் வீடு முந்துகிறது. ஆனால் நடப்பவர் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு, அந்த நாள்களை முழுதாகக் கொடுக்கிறார். இருபது நிமிடமோ சமையலுக்கும் படிப்புக்கும் இடையில் பிடுங்கி எடுத்தது.

அடுத்தது உடல். பாதயாத்திரையில் கால் கொப்பளிக்கிறது, வெயில் சுடுகிறது, மழை வந்தால் கிடைத்த திண்ணையில் ஒதுங்க வேண்டும். வலியே செபத்தை நினைவில் வைக்கிறது. வீட்டில் அந்த உதவி இல்லை. வாய் மந்திரத்தைச் சொல்லும்; மனம் அடுப்பிலோ கைப்பேசியிலோ இருக்கும்; அருள் நிறைந்த மரியேயைப் பத்துப் பத்தாகச் சொல்லிவரும்போது நான்காம் பத்துக்குள் பிள்ளை தூங்கி விழும். இதற்கு மருந்தும் செபமாலைக்குள்ளேயே இருக்கிறது: ஒவ்வொரு பத்துக்கும் இயேசுவின், மரியாளின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தியானிக்க வேண்டும். 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்த, ஒளியின் மறைபொருள்கள் எனப்படும் தியான நிகழ்ச்சிகளில் கானாவூர்க் கல்யாணம் ஒன்று. பந்தியில் திராட்சை இரசம் தீர்ந்ததை இயேசுவிடம் சொன்னவர் மாதா. கல்யாண வீட்டின் குறை தியானத்துக்குரியது என்றால், நம் வீட்டு அரிசிப் பானையின் குறையும் அப்படித்தான்.

வேண்டுதலிலும் வேறுபாடு உண்டு. நடப்பவர் பெரும்பாலும் ஒன்றைக் கேட்டு நடக்கிறார்: குழந்தை வரம், வேலை, நோய் நீங்குதல். கேட்டது கிடைத்தால் நேர்த்திக்கடன் முடிகிறது. வீட்டுச் செபத்தின் விண்ணப்பங்கள் சிறியவை: நாளைய பரீட்சை, மாதத் தவணை, எதிர்வீட்டுப் பாட்டியின் காய்ச்சல், இறந்துபோன தாத்தாவின் ஆன்மா. இவை முடிவதே இல்லை. இயேசு கற்பித்த செபத்திலும் ஓராண்டுக்கான சோறு கேட்கப்படவில்லை. அன்றைக்கான உணவே கேட்கப்படுகிறது.

இரண்டுக்கும் பங்குச் சாமியார் முன்னால் நிற்க வேண்டியதில்லை. சாலையில் இளைஞர்கள் தேர் இழுக்கிறார்கள். வீட்டில் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ தொடங்கிவைக்கிறார். முடிந்ததும் பிள்ளைகள் தோத்திரம் சொல்ல, பெரியவர்கள் நெற்றியில் சிலுவை வரைகிறார்கள். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியது. அதற்கு வெகுகாலம் முன்பே பாட்டிகள் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றில் சாலை தெளிவாக மேல். அங்கே மதில் இல்லை. இந்துக்களும் நடக்கிறார்கள், வழியில் தண்ணீரும் மோரும் கொடுப்பவர்கள் மதம் கேட்பதில்லை. வீட்டுச் செபமோ கதவைச் சாத்திக்கொண்டு நம் குடும்பத்தோடு நின்றுவிடக்கூடும். அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடும் அன்பியக் கூட்டம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கிறது.

திருவிழாக் கூட்டமும் அன்றாடச் செபமும் என்ற இந்த இரட்டை நிலை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. யாத்திரை கடந்துபோகும் சிதம்பரத்தில், நடராசர் கோயிலில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் ஊர் கொள்ளாத கூட்டம். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே நாள்தோறும் ஆறு கால பூசை நடக்கிறது. கூட்டமில்லாத நாளின் பூசை நின்றுபோனால், திருவிழாவுக்கு வருபவர் எதைக் காண வருவார்?

ஆக, யாத்திரையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை உடலையும் ஊரையும் செபத்துக்குள் இழுத்து வர அதனால்தான் முடியும். ஆனால் அதன் மதிப்பை வேளாங்கண்ணியில் அளக்க முடியாது. திரும்பி வந்த வீட்டில்தான் அளக்க வேண்டும். செப்டம்பர் 8 கழிந்து மூன்று வாரத்தில் அக்டோபர் பிறக்கிறது. 1883இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் செபமாலைக்கு ஒப்புக்கொடுத்த மாதம் அது. நடந்துவிட்டு வந்தவர்கள் அந்த மாதத்திலாவது தொலைக்காட்சியை 20 நிமிடம் நிறுத்தி வீட்டாரோடு உட்காரட்டும். இந்த முறை செபத்தைத் தொடங்கிவைக்கும் வேலையைப் பாட்டியிடமே விட்டுவிடாமல், தேர் இழுத்த இளைஞர்களே ஏற்கட்டும்.