பெருக்குவது கணினி, தெரிவது காது

கணினியால் புதிய இசையை ஆக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் வாசித்தவற்றுள் இரண்டு முயற்சிகள் முக்கியமானவை. இரண்டும் உயிரினக் கூர்ப்பைப் பின்பற்றியவை.

கூர்ப்பு பற்றிப் பாடசாலையில் படித்திருப்போம். பிள்ளைகள் பெற்றோரைப் போலிருந்தாலும் சற்று வேறுபடும். சூழலுக்குப் பொருந்துபவை தப்பிப் பெருகும். இதனைக் கணினிக்குரிய முறையாக ஜோன் ஹொலண்ட் 1975 இல் வெளியான தனது நூலில் வகுத்தார். பல விடைகளை எழுந்தமானமாக ஆக்க வேண்டும்; நல்லவற்றைத் தெரிந்து, ஒன்றோடொன்று கலந்து, சிறிது மாற்றி, அடுத்த தலைமுறையை உருவாக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு பாலத்தின் எடையை அளந்து நல்லதைத் தெரியலாம். மெட்டின் இனிமையை எதனால் அளப்பது?

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கற்பித்த ஜோன் பைல்ஸ் ஒரு ட்ரம்பெட் கலைஞர். ஜாஸ் இசையை மனோதர்மமாக வாசிக்கும் 'ஜென்ஜாம்' என்ற மென்பொருளை 1994 இல் அவர் அறிமுகப்படுத்தினார். அது வாசிக்கும்போது ஒருவர் கேட்டுக்கொண்டிருந்து, பிடித்தால் ஒரு விசையையும் பிடிக்காவிட்டால் வேறொரு விசையையும் அழுத்துவார். அந்தத் தீர்ப்பே எந்தச் சுரக்கோவை தப்பும், எது அழியும் என்பதை முடிவுசெய்தது. கணினி நொடியில் ஆயிரம் மெட்டுகளை ஆக்கலாம். ஆனால் மனிதர் ஒவ்வொன்றாகத்தான் கேட்கமுடியும், களைத்தும் போவார். இந்தத் துறையின் பெரிய முட்டுக்கட்டை இதுதான்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களின் 'டார்வின்ரியூன்ஸ்' அந்தச் சுமையைப் பலரிடம் பகிர்ந்தளித்தது. 8 செக்கன் நீளமான 100 ஒலித்துண்டுகளோடு தொடங்கி, இணையத்தில் 6,931 பேர் புள்ளியிட, 2,513 தலைமுறைகள் கடந்தன. 2012 இல் வெளியான முடிவின்படி, வெறும் இரைச்சலாக இருந்தவை இசையாக மாறின. முதலில் இனிமை விரைந்து கூடியது. பின்னர் வளர்ச்சி தேங்கியது. இசைத் துண்டுகள் சிக்கலாகியபோது, அவற்றின் நல்ல அம்சங்கள் கலப்பில் சிதையாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்வது கடினமானது என்பது ஆய்வாளர் கண்ட ஒரு காரணம்.

இவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இது. வேறுபாடுகளை ஆக்குவது கணினிக்கு இலகு. எது இசை என்று தெரிவதற்கு, ஒரு மரபைக் கேட்டுப் பழகிய காது வேண்டும். நல்லதைச் சிதையாமல் கையளிக்கவும் வேண்டும்.

போரில் கலைஞர்களையும் ஒலிப்பதிவுகளையும் இழந்த எங்களுக்கும் இது பொருந்தும். எங்கள் ஊர்களின் கூத்துப் பாட்டையும் ஒப்பாரியையும் எந்த மென்பொருளும் தானாக மீட்டுத் தராது. எது சரியான மெட்டு என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையிலுள்ள தொலைபேசியிலாவது அவர்களை இப்போதே பதிந்துவைப்போம்.