பறக்கும் துளியும் பாகுநிலையும்: ஓர் அளவீட்டின் மறுவாசிப்பு

மின்வில் பற்றவைப்பில் கம்பி முனையிலிருந்து கழன்று விழும் துளியை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து, அதன் அலைவிலிருந்து உருகிய இரும்பின் பரப்பு இழுவிசை, பாகுநிலை இரண்டையும் ஒருசேரக் கணிக்கலாம் என்று நம் துறையில் ஒரு சாரார் கொள்கின்றனர். பரப்பு இழுவிசை வரை அவர்களோடு உடன்படுகிறேன். பாகுநிலைக்கு அந்தத் துளி சான்றாகாது என்பதே என் வாதம்.

கழுத்து அறுந்ததும் துளி முட்டைபோல் நெடுக்காக நீள்கிறது, பிறகு குறுக்கே அகல்கிறது, மறுபடி நீள்கிறது. ராலே 1879இல் நிறுவிய உறவின்படி, துளியின் நிறையை அதிர்வெண்ணின் வர்க்கத்தாலும் 1.178ஆலும் பெருக்கினால் பரப்பு இழுவிசை வந்துவிடும். அடர்த்தி தனியே தேவையில்லை. துடிப்புக்கு ஒரு துளி என மின்னோட்டத்தை அமைத்தால், கம்பி செலுத்தும் வேகத்திலிருந்தே நிறையைக் கணிக்கலாம். அதிர்வெண்ணில் நேரும் பிழை விடையில் இருமடங்காகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி, பாகுநிலையைக் கணிக்க அவர்கள் நாடும் அலைவின் தேய்வுக்கு வருவோம். 0.6 மி.மீ. ஆரமும் 6.3 மி.கி. நிறையும் உள்ள துளியை எடுத்துக்கொள்வோம். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 1.8 நியூட்டன் என்றால் அது நொடிக்குச் சுமார் 490 முறை அலையும். 5 மி.மீ. நீள வில்லை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கடக்க 5 மில்லிநொடி ஆகும். அதற்குள் இரண்டரை அலைவுகூட முடிவதில்லை. லாம்ப் தந்த சமன்பாட்டில் உருகுநிலையை ஒட்டிய இரும்பின் பாகுநிலையை, அதாவது சுமார் 5.5 மில்லிபாஸ்கல்-நொடியை இட்டால், தேய்வுக் காலம், அதாவது வீச்சு 1/e பங்காகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 90 மில்லிநொடி. ஆகவே பறக்கும் நேரம் முழுவதிலும் வீச்சு 5 விழுக்காட்டளவே குறையும். தொடக்க வீச்சு 90 மைக்ரோமீட்டர் என்றால் குறைவது 5 மைக்ரோமீட்டருக்கும் கீழே. படத்தில் ஒரு புள்ளி 20 மைக்ரோமீட்டரைக் குறிக்குமானால், தேடும் மாற்றம் அப்புள்ளியின் கால்பங்குகூட இல்லை.

மாறாக, அதே 5 மில்லிநொடியில் வீச்சு பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பாகுநிலையின் கணக்கில் எழுதினால் மதிப்பு 12 மடங்குக்கு மேல் உயரும். உருகிய இரும்பு அவ்வளவு கெட்டியானது அல்ல. அந்தத் தேய்வு, கழுத்து அறுந்தபோது துளிக்குள் கிளம்பிய சுழற்சியிலிருந்தோ, மேற்பரப்பில் படிந்த ஆக்சிஜனின் விளைவாகவோ வந்திருக்கலாம். எதன் பங்கு எவ்வளவு என்று இங்கு முடிவுசெய்ய முற்படவில்லை. உலோகத்தின் இயல்பு அது அன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

துளியின் வெப்பநிலை உருகுநிலையைவிட மிக அதிகம் என்று மறுக்கலாம். வெப்பம் ஏறினால் பாகுநிலை இறங்கும், தேய்வுக் காலம் நீளும்; இந்த மறுப்பு என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. பிளாஸ்மாவின் இழுப்பு அதிர்வெண்ணைச் சற்று மாற்றலாம்; தேய்வைப் பற்றிய கணக்கை அது தலைகீழாக்காது.

மின்காந்தப் புலத்தில் துளியை மிதக்கவிட்டு அளப்பவர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். தரையில் துளியைத் தூக்கி நிறுத்தும் புலமே அதை உள்ளே கலக்கிவிடுவதால், பாகுநிலையை அளக்க நுண் ஈர்ப்பு நிலையை நாடினார்கள். 2014இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட மிதப்புக் கலம் அவ்வகைப்பட்டது. அங்கே 6.5 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் துளியின் தேய்வுக் காலம், அதே சமன்பாட்டின்படி, 2.7 நொடி, அதைப் பொறுமையாகப் பார்த்து அளக்க நேரம் உண்டு.

அந்தத் தேய்வைப் பாகுநிலை என்று அழைக்கலாமா என்பது வெறும் சொற்பூசல் அன்று. பற்றவைப்புக் குட்டையின் பாய்வைக் கணிக்கும் நிரல்களில் கொந்தளிப்புக்கு ஏற்கெனவே தனி உறுப்பு உண்டு. துளிக்குள் கிளம்பிய சுழற்சியும் கலந்திருக்கக்கூடிய எண்ணைப் பாகுநிலை என்று அவற்றுக்குள் இட்டால், கொந்தளிப்பு இருமுறை கணக்கில் ஏறக்கூடும். பாய்வு மந்தமாகத் தோன்றும். ஊடுருவல் ஆழம் தவறும். ஆகவே அத்தகைய அளவீடுகளில் தேய்வுக் காலத்தை அப்படியே வெளியிடுவோம். நிரலுக்கான பாகுநிலையை அமைதியான துளியிலிருந்து எடுப்போம்.