உள்ளத்தில் எழுந்த திருக்கோயில்

குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், கல்லும் சுண்ணமும் இன்றியே கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்த ஓர் அடியவரை நினைத்தல் பொருந்தும். தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரே அவர். அவர்தம் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் விரித்துரைத்தார்.

கோயில் எடுக்க விழைந்த பூசலார் எங்கும் பொருள் தேடினார், கிடைத்திலது. மனம் தளராது உள்ளத்திலேயே திருப்பணி தொடங்கினார். நினைவினாலேயே பொருளும் கல்லும் தச்சரும் சேர்த்தார், அடிநிலை இட்டார், விமானமும் சிகரமும் மதிலும் திருக்குளமும் வகுத்தார். அவர் குறித்த நாளிலேயே காஞ்சியில் பல்லவ மன்னனும் தன் கற்றளிக்கு நாள் வைத்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பன் எடுத்த ஆலயத்தில் நாளை புகுவோம். நீ வேறு நாள் கொள்வாய் எனப் பணித்தருளினார். நின்றவூர் சென்ற மன்னன் அங்கே கோயிலைக் கண்டிலன்; அடியவரையே கண்டு, உண்மை அறிந்து வீழ்ந்து வணங்கினான்.

அம்மன்னன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவன் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்தில் அசரீரி வாக்கைக் கேட்டவன் என அவனைப் புகழ்வது ஈண்டு நினைக்கத்தக்கது.

பூசலார் செய்தது தியானமே. மனத்தை ஓரிடத்தில் நிறுத்துதல் தாரணை. அந்நினைவு எண்ணெய் ஒழுக்குப் போல் இடையறாது செல்லுதல் தியானம். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்திலும், திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலும் இவற்றை எட்டு உறுப்புக்களுள் வைத்து ஓதினர்.

தியான நெறிகள் பல. திருவுருவை அடி முதல் முடி வரை எண்ணுதல் ஒன்று; திருவைந்தெழுத்தை வாயாலும் பின் மனத்தாலும் உருவேற்றுதல் ஒன்று; எண்ணுகின்ற நான் யார் என உள்ளே நாடுதல் மற்றொன்று. 1896இல் திருவண்ணாமலை சேர்ந்த இரமண மகரிஷிகள் இவ்விசாரத்தையே சிறப்பாக உபதேசித்தார். அவரும் 1927இல் அருளிய உபதேச உந்தியாரில் பூசை, செபம், தியானம் மூன்றையும் முறையே உடல், வாக்கு, மனம் இவற்றின் தொழிலாக வைத்து, ஒன்றினும் ஒன்று உயர்ந்தது என்றார். முதற்படியை அவர் தள்ளினாரல்லர்.

அகக்கோயிலே போதுமெனின் கற்கோயில் எதற்கு என்னும் ஐயம் பொருள் ஈந்த அன்பர்க்கு எழலாம். பூசலாரும் முதலில் விரும்பியது கற்கோயிலையே அன்றோ? மன்னனும் தன் திருப்பணியைக் கைவிட்டிலன்; வேறு நாளில் அதனை நிறைவேற்றினான். கண்ணாரக் கண்ட திருமேனியே கண்மூடிய பின்னும் நெஞ்சில் நிற்பது. ஆயின், கோபுரம் எழுப்பியும் நெஞ்சில் ஒரு கல்லும் வையாதவர் இழப்பது பெரிது.

ஆகவே, தரிசனம் முடிந்ததும் இல்லம் விரையாது பிராகாரத்தில் சிறிது அமர்வோம். முதுகு நிமிர்ந்து, மூச்சு அடங்கி, கண்ட திருவுருவை நினைவோம். மனம் ஓடினால் சினவாது மீட்போம். நாடோறும் ஒரே வேளையில் இது பழகுக. அன்று நின்றவூரில் எழுந்த கோயில் நம் உள்ளத்தும் எழ இறைவன் திருவருள் கூட்டுவானாக!